எந்த ஸ்டூவர்ட்டை வார்ப்பது?

வாங்குபவரே ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் அளவுமாதிரிப் பெட்டிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில், இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க இலகுரக டாங்கி ஒன்றை 1:35 அளவில் வெளியிடும் திட்டத்தைப் போல நீண்ட விவாதத்துக்கு உள்ளான திட்டம் வேறில்லை. ஸ்டூவர்ட் டாங்கி என்று முடிவெடுப்பதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. எந்த ஸ்டூவர்ட் என்ற கேள்வியில்தான் விற்பனைப் பிரிவும், வார்ப்பு அச்சுகளைச் செய்யும் டூல்ரூமும், எங்கள் பிரிவும் மூன்று திசைகளில் நின்றன.

ஸ்டூவர்ட் என்ற ஒரே பெயரில் இரண்டு வரிசைகள் உண்டு. எம்3 வரிசையில் எம்3, எம்3ஏ1, எம்3ஏ3 என மூன்று வகைகளாக 13,859 வண்டிகளும், எம்5 வரிசையில் எம்5, எம்5ஏ1 என இரு வகைகளாக 8,884 வண்டிகளும் உற்பத்தியாயின. எம்3 வரிசையின் பெரும்பாலான வண்டிகளில் விமானத்துக்காக உருவான கான்டினென்டல் ரேடியல் எஞ்சின் (சிலிண்டர்கள் வட்டமாக அமைந்தது) இருந்தது. எம்5 வரிசையில் காடிலாக் கார் எஞ்சின்கள் இரண்டு பொருத்தப்பட்டன. எல்லா வகைகளிலும் முதன்மை ஆயுதம் 37 மி.மீ. பீரங்கிதான், சக்கரங்களும் சங்கிலிப் பட்டைகளும் ஏறத்தாழ ஒன்றே. எனினும் மேல் உடலையும், பீரங்கி பொருந்திய சுழலும் கூண்டான டரட்டையும் பார்த்தால் ஒன்றுக்கொன்று உறவினர் என்று சொல்லலாமே தவிர இரட்டையர் என்று சொல்ல முடியாது.

விற்பனைப் பிரிவினர் எம்5ஏ1 வகையைக் கேட்டார்கள். அவர்கள் தரப்பில் வலுவான நியாயம் இருந்தது. தனி வகை என்று எடுத்துக்கொண்டால் 6,810 வண்டிகளுடன் அதிகம் உற்பத்தியானது அதுவே. 1944இல் பிரான்சில் நடந்த நார்மண்டிப் போரில், முன்புறம் இரும்புப் பற்களைப் பொருத்தி வேலிப் புதர்களைக் கிழித்துச் சென்ற வண்டிகளில் அதுவும் ஒன்று. நார்மண்டி என்று பெட்டியில் அச்சிட்டால் விற்கும் என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த உண்மை. ஆனால் அதே காரணத்தால் டாமியா, ஏ.எஃப்.வி. கிளப் ஆகிய மாதிரி நிறுவனங்கள் ஏற்கெனவே எம்5ஏ1 மாதிரிகளை வெளியிட்டிருந்தன. நல்ல மாதிரிகள் இருக்கும் இடத்தில் இன்னொன்றைக் கொண்டுபோய் வைப்பதற்கு, வாங்குபவரிடம் சொல்லக்கூடிய ஒரு காரணம் வேண்டும் என்று நான் கருதினேன்.

டூல்ரூம் தலைவர் எம்3ஏ3 வகையை விரும்பினார். அவருடைய காரணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனெனில் அது முழுக்க உலோகத்திலிருந்தும் பிளாஸ்டிக்கிலிருந்தும் பிறந்த காரணம். மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு, இரண்டாகத் திறக்கும்போது வார்ப்பு உரசாமல் வெளிவர வேண்டுமானால் அதன் செங்குத்துச் சுவர்களுக்குச் சிறிதளவு சாய்வு கொடுத்தாக வேண்டும். எம்3ஏ3 வகையின் உடல் முழுவதும் வெல்டிங்கால் இணைக்கப்பட்டது. பக்கச் சுவர்கள் உண்மையிலேயே சாய்வானவை. எனவே மோல்டுக்குத் தேவையான சாய்வை அசல் வண்டியே தந்துவிடுகிறது. மேல் உடலை ஒரே துண்டாக வார்க்கலாம், அளவில் ஒரு மயிரிழைகூடப் பொய் சொல்ல வேண்டியதில்லை.

எம்3 வகையின் நிலை இதற்கு நேர் எதிரானது. பக்கச் சுவர்கள் செங்குத்தானவை. அவற்றின் மேல் வரிசை வரிசையாக ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) தலைகள். 1:35 அளவில் ஒரு ரிவெட் தலை அரை மில்லிமீட்டரை ஒட்டிய சிறு புடைப்புதான் என்றாலும், மேல்நோக்கித் திறக்கும் மோல்டில் பக்கச் சுவரின் மீது அது இருந்தால், வார்ப்பு வெளிவரும்போது அந்தப் புடைப்பு இரும்பில் சிக்கிச் சிதைந்துவிடும். இதைத் தவிர்க்க இரண்டு வழிகளே உண்டு. பக்கவாட்டில் நகரும் ஸ்லைடுகளை மோல்டில் சேர்க்கலாம். செலவு கூடும், ஸ்லைடுகள் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கோடு விழும். அல்லது ஒவ்வொரு சுவரையும் தனித் தகடாகப் படுக்கவைத்து வார்த்து, ஒட்டும் வேலையை வாங்குபவரிடம் விடலாம். அப்போது ரிவெட்டுகள் கூர்மையாக வரும், ஆனால் மூலைகள் சரியாகச் சேர்வதற்குப் பொருத்துவிளிம்புகளை மிகத் துல்லியமாக வெட்ட வேண்டும். நான் தகடு முறையையே பரிந்துரைத்தேன். அசல் வண்டியும் தகடுகளைச் சேர்த்து ரிவெட் அடித்து உருவானதுதான் என்பதால், மாதிரியைக் கட்டுபவர் அதே வரிசையில் அதைக் கட்டுவது எனக்கு நியாயமாகப் பட்டது.

இவ்வளவு சிரமம் தரும் எம்3 வகைக்காக நான் வாதாடியதற்குக் காரணம், அந்த வண்டி போருக்குள் நுழைந்த அரையாண்டு. 1941 நவம்பரில் வட ஆப்பிரிக்காவில் நடந்த குருசேடர் தாக்குதலில் பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் அதை ஓட்டின. அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று பிலிப்பைன்சின் டமோர்ட்டிஸ் அருகே அமெரிக்காவின் 192ஆம் டாங்கிப் படையணி இவ்வகை வண்டிகளுடன் ஜப்பானிய டாங்கிகளைச் சந்தித்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க டாங்கிகள் எதிரி டாங்கிகளோடு மோதிய முதல் நிகழ்வு அது. 1942 பிப்ரவரியில் பர்மாவின் ரங்கூன் துறைமுகத்தில் இறங்கிய பிரிட்டிஷ் 7ஆம் கவசப் பிரிகேடும் எம்3 வண்டிகளுடன்தான் வந்தது. பாலைவனம், தீவு, பருவமழைக் காடு என்று மூன்று களங்களையும் ஒரே மேல் உடலால் சொல்ல முடிகிற வாய்ப்பு மற்ற வகைகளுக்கு இந்த அளவு இல்லை.

ஆனால் எம்3 என்று சொல்லிவிட்டால் வேலை முடிவதில்லை. அதன் டரட் முதலில் ரிவெட் அடித்த தகடுகளால் பல முகங்கள் கொண்டதாக இருந்தது. பிறகு அதே முகங்கள் வெல்டிங்கால் இணைக்கப்பட்டன. அதன்பின் வளைத்த தகட்டாலான உருண்டை டரட் வந்தது. கடைசியில் டரட்டின் உச்சியில் வண்டித் தளபதி வெளியே பார்ப்பதற்கென இருந்த தலைமாடமும் நீக்கப்பட்டது. பீரங்கியும் மாறியது. தொடக்க வண்டிகளின் குழல் பின்னர் வந்ததைவிட ஏறத்தாழ 13 செ.மீ. குட்டையானது, மாதிரியில் அது 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான வேறுபாடு என்றாலும் 13 செ.மீ. நீளமுள்ள மாதிரியில் கண்ணுக்குத் தெரியும். ஓட்டுநர் இயக்கும் பக்கவாட்டு இயந்திரத் துப்பாக்கிகளைப் பிரிட்டிஷ் வீரர்கள் பலரும் கழற்றிவிட்டுச் சாமான் வைக்க அந்த இடத்தைப் பயன்படுத்தினார்கள். இம்மாற்றங்கள் எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து நிகழவில்லை. ஆகவே வகையின் பெயரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் மாதத்தையும் களத்தையும் தேர்ந்தெடுத்து, அந்த மாதத்தில் அந்தக் களத்தில் எடுக்கப்பட்ட புகைப்படங்களில் தெரியும் வண்டியைப் பின்தொடர வேண்டும் என்பதை நான் கூட்டத்துக்குக் கூட்டம் வலியுறுத்தினேன். குருசேடர் என்று நாங்கள் நாளைக் குறித்தவுடன், முகங்கள் கொண்ட வெல்டிங் டரட், தலைமாடம், பக்கங்களில் மணல் தடுப்புத் தகடுகள் என்று மற்ற முடிவுகள் தாமாகவே அமைந்தன.

டரட் இல்லாத வகை ஒன்றையும் நாங்கள் பரிசீலித்தோம். 1942இல் பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது சிண்ட்வின் (Chindwin) ஆற்றைக் கடக்க வழியின்றி 7ஆம் பிரிகேட் தன் டாங்கிகளை அழித்துவிட்டு வந்தது. அக்கரை சேர்ந்தது ஒரே ஒரு ஸ்டூவர்ட். அது பின்னர் டரட் நீக்கப்பட்டு, இந்தியப் படையின் 7ஆம் லைட் கேவல்ரியின் கட்டளை வாகனமாக மீண்டும் பர்மாவுக்குத் திரும்பியது. இந்த வரலாறு என்னை மிகவும் கவர்ந்தது. டரட் இல்லையென்றால் மோல்டு செலவு குறையுமே என்றுகூடச் சிலர் மகிழ்ந்தனர். உண்மையில் செலவு கூடுகிறது. டரட் மூடியிருக்கும் வரை கண்ணில் படாத உட்புறம், அதை எடுத்துவிட்டால் முழுவதும் திறந்துகிடக்கும். ரேடியல் எஞ்சினின் உயரத்தால் அதன் சுழல்தண்டு போர் அறையின் நடுவே உயரமாக ஓடுகிறது. அதன் உறை, இருக்கைகள், ரேடியோ, எஞ்சின் அறைச் சுவர் அனைத்தையும் வார்த்தாக வேண்டும். அதனால் அவ்வகையை முதல் வெளியீட்டிலிருந்து விலக்கினோம்.

இறுதியில் எம்3 வகைக்கே ஒப்புதல் கிடைத்தது. சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் போகிகள், சங்கிலிப் பட்டைகள் ஆகியவற்றை ஒரு ரன்னரிலும் (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்), மேல் உடலை இன்னொன்றிலும், டரட்டை மூன்றாவதிலும் பிரித்ததால் டூல்ரூமின் எம்3ஏ3 வகைக்கும் விற்பனைப் பிரிவின் எம்5 வகைக்கும் வழி திறந்தே இருந்தது. எம்5 முறை வரும்போது நார்மண்டியுடன் காஷ்மீரின் சோஜி லா கணவாயையும் பெட்டியில் சேர்க்க வேண்டும் என்று நான் எழுத்தில் கேட்டேன். 1948 நவம்பர் 1 அன்று, 11,500 அடிக்கு மேற்பட்ட அந்த உயரத்தில் 7ஆம் லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட்டுகள் ஏறிச் சென்றன. கணவாயின் அடிவாரமான பால்டாலிலிருந்து மேலே செல்லும் கோவேறு கழுதைப் பாதையை டாங்கி செல்லும் பாதையாக மாற்றியவர்கள் இந்திய இராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்கள். வழியிலுள்ள பாலங்கள் தாங்குவதற்காக டரட்டுகளைக் கழற்றித்தான் அந்த டாங்கிகளைக் கொண்டுவந்தார்கள். ஆகவே எம்5 வகையின் டரட் வளையத்தையும் அதன் கீழுள்ள உட்புறத்தையும் தொடக்கத்திலேயே முழுமையாக வடிவமைக்க வேண்டும் என்பதையும் அதே குறிப்பில் சேர்த்தேன்.