ஒரு சாண் தூரம்

இன்று காலை சிலம்பப் பயிற்சியில் என் கணவரின் மணிக்கட்டில் அடித்துவிட்டேன்.

பலமான அடி இல்லை. ஆனாலும் கம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்துப் பார்த்தேன். ஆசானுக்குக் கோபம். "கம்பைக் கீழே போடக் கூடாதும்மா. அவர் தடுத்திருக்க வேண்டிய அடி அது. நீங்கள் அடிக்கமாட்டீர்கள் என்று நம்பி நின்றுவிட்டார்."

உண்மைதான்.

4 மாதங்களாக இருவரும் சேர்ந்து சிலம்பம் பழகுகிறோம். முதல் மாதம் முழுக்கக் காலடிப் பயிற்சிதான். ஜோடியாக நிற்க ஆரம்பித்த பிறகு, என் எதிரில் மட்டும் அவர் வீச்சு பாதியில் தளர்ந்துவிடும். மற்றவர்களிடம் காற்றைக் கிழிக்கிற கம்பு அது.

சிலம்பக் கம்பை அவரவர் நெற்றி உயரத்துக்கு வைத்துக்கொள்வது வழக்கம். எங்கள் வீட்டுக் கதவோரம் சாய்ந்திருக்கும் இரண்டில் என்னுடையது ஒரு சாண் குட்டை.

அந்த ஒரு சாணை நான் காலால்தான் கடக்க வேண்டும். அடியெடுத்து உள்ளே நுழைந்தால்தான் என் கம்பு அவரைத் தொடும். அவர் தளர்த்தி வீசினால் நான் நுழையக் கற்பது எப்படி? மணமாகி 11 ஆண்டுகள் ஆகின்றன. இதை வேறு எந்தச் சொல்லாலும் அவருக்கு விளக்க எனக்குத் தெரிந்ததில்லை. விட்டுக்கொடுப்பதே அன்பு என்றுதானே இருவரையும் வளர்த்தார்கள்.

வணக்கம் வைத்து மறுபடி நின்றோம்.

இந்த முறை அவர் கம்பு முழு வேகத்தில் வந்தது. தடுத்தேன்.

உள்ளங்கை இன்னும் அதிர்கிறது.