இரண்டு வார்த்தை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

"21ஆம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நீ பேசு" என்று அண்ணன் சிலேட்டில் எழுதிக் காட்டினார். ஒரு திட்டத்துக்கு அனுமதி தருவதற்கு முன் ஊர் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அது. என்னால் முடியாது என்றேன். அழித்துவிட்டு அதையே மறுபடியும் எழுதினார். இரண்டு வாரங்களுக்கு அவர் கிசுகிசுக்கவும் கூடாது, அதுவும் குரல்நாண்களை வருத்தும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதன் பிறகும் ஒரு மாதத்துக்கு மேடையே கிடையாது. வாய் திறக்க முடியாத ஒருவரோடு வாதாடுவது நியாயமாகத் தோன்றாததால் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நான்கு பக்கம் எழுதி, இரவு ஒரு மணி வரை மனப்பாடம் செய்து, காலையில் அண்ணனிடம் காட்டினேன். அவர் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் குறுக்கே கோடிட்டு அடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அவர் சிலேட்டை மூன்று முறை நிரப்பி எழுதியதைச் சேர்த்துச் சொன்னால் இதுதான்: கருத்துக் கேட்புக் கூட்டத்தில் முதலில் திட்டத்தை விளக்குவார்கள், அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதும், உனக்கு முன்னால் பேசுகிறவர் உன்னுடைய செய்தியில் எதைச் சொல்லி முடித்திருப்பார் என்பதும் உனக்கு முன்கூட்டித் தெரியாது, நான்கு பக்கத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருப்பவள், அடுத்தவர் பேசுவதைக் கேட்கமாட்டாள், தன் பக்கத்தைத்தான் புரட்டிக்கொண்டிருப்பாள்.

அவர் இருபது ஆண்டுகளாக எழுந்து நின்று பேசிய பேச்சுகளில் ஒன்றுகூட எழுதி வைத்ததில்லை. தயாரிக்காமல் பேசுகிறார் என்றே நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் அண்ணன் சீட்டுகள் எழுதிப் போட்டிருக்கிறார். தாழ்ப்பாள், உப்பு, ரேஷன் அட்டை, மிதிவண்டிப் பம்பு, பாட்டியின் கண்ணாடி. ஒரு சீட்டை எடுத்து, அரை நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் நின்று பேச வேண்டும். நான் "வந்து" என்று சொல்லும்போதெல்லாம் கரண்டியால் தம்ளரை ஒருமுறை தட்டுகிறார். "தாழ்ப்பாள்" பற்றிப் பேசியபோது பத்தொன்பது தட்டுகள் விழுந்தன. வாக்கியம் முடிந்ததும் அடுத்தது கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் "வந்து" வருகிறது என்று இன்று தெரிந்துகொண்டேன். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு மூச்சு எடுத்தால், கேட்பவருக்கு அது தடுமாற்றமாகவே தெரிவதில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வேலை முடிந்து சென்ட்ரலிலிருந்து திரும்பும் மின்சார ரயிலே இப்போது என் பள்ளிக்கூடம். பேசின் பிரிட்ஜ் தாண்டிய பின் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையில் ஒரு தலைப்பு என்று வைத்துக்கொண்டேன். கொருக்குப்பேட்டையில் கண்ணில் பட்ட பொருள் எதுவோ அதுதான் தலைப்பு, தண்டையார்பேட்டை வருவதற்குள் உதட்டசைவிலேயே பேசி முடித்துவிட வேண்டும். அங்கே அடுத்த தலைப்பு, வ.உ.சி. நகர், பிறகு திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம். வண்டி நிற்கும்போது நானும் நிறுத்தியாக வேண்டும் என்பதால் கடிகாரம் தேவைப்படவில்லை.

இரண்டு சட்டகங்களைச் சோதித்துப் பார்த்தேன். ஒன்று: நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது, நாளை என்ன ஆகும். இது எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிறது, ஆனால் எங்கள் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நேற்றே எல்லா நேரத்தையும் விழுங்கிவிடுகிறது. ஆற்றில் இறங்கிக் கையாலேயே இறால் பிடித்த காலத்தைச் சொல்லி முடிப்பதற்குள் திருவொற்றியூர் வந்துவிட்டது. இன்னொன்று: சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்வது, ஏன் என்று சொல்வது, கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்வது, தொடங்கிய இடத்துக்கே திரும்பி முடிப்பது. எனக்கு இரண்டாவதுதான் கை கொடுக்கிறது. வழியில் தடுக்கி விழுந்தாலும் திரும்பிச் செல்ல வேண்டிய வாசல் எதுவென்று தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அண்ணனின் சோதனை முடிவு வரவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஏழுகிணறு வீராசாமித் தெருவில், வள்ளலார் வாழ்ந்த வீட்டின் முன்னால் சிறிது நேரம் நின்றேன். புராணச் சொற்பொழிவு செய்துவந்த அவருடைய அண்ணனுக்கு ஒருநாள் உடல்நலமில்லாமல் போக, நான்கு பாடல்களை மட்டும் பாடிவிட்டு வா என்று அனுப்பப்பட்ட தம்பி, பெரியபுராணத்துக்குப் பொருள் சொல்லத் தொடங்கி இரவு வெகுநேரம் வரை அவையை எழவிடாமல் வைத்திருந்தார் என்று பாட்டி சொல்லி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இந்தக் கதையில் இதுவரை நான் அந்தத் தம்பியை மட்டுமே பார்த்தேன். இன்று, வீட்டில் படுத்துக்கொண்டு தம்பி திரும்பிவரக் காத்திருந்த அண்ணனை நினைத்தேன்.

ஓதாது உணர்ந்தவர் என்று அவரைச் சொல்வார்கள், அதை மறுக்க நான் யார்? ஆனாலும் அந்த இரவுக்கு முன்னால், கந்தகோட்டத்தில் முருகன் முன் நின்று உருகிப் பாடிய நாட்கள் எத்தனை இருந்திருக்கும்! திடீரென்று கேட்கப்பட்டது மட்டும்தான் திடீர். ஊற்று ஏற்கெனவே நிறைந்திருந்தது. என்னிடம் நிறைந்திருப்பது எது என்று வழியெல்லாம் யோசித்தேன். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எங்கள் ஊர்க் கொசஸ்தலையாற்றில் படிந்தபோது, பெரியப்பாவின் வலையை மண்ணெண்ணெய் போட்டு ஆறு நாட்கள் கழுவினோம். அது ஒன்று இருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

நான்கு தட்டுகள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தெருமுனைப் பள்ளியில் கொடியேற்றம் முடிந்ததும், "அண்ணன் வரவில்லை, நீயாவது இரண்டு வார்த்தை பேசும்மா" என்று ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மேடையில் வீற்றிருக்கும் என்று தொடங்கி, தலைமையாசிரியர், வார்டு பெரியவர்கள், பெற்றோர், மாணவச் செல்வங்கள் என்று வரிசையாக விளித்து முடித்தபோது, எதற்காக விளித்தேன் என்பது மறந்துவிட்டது. வாய் வறண்டு மேலண்ணத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஜெய்ஹிந்த் சொல்லி இறங்கிவிட்டேன். பிள்ளைகள் கை தட்டினார்கள், அதுதான் தாங்கமுடியவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

நேற்று நடந்ததை இரவு முழுவதும் புரட்டிப் பார்த்தேன். வீட்டில் இரண்டு நிமிடம் பேச முடிந்த எனக்கு அங்கே ஏன் முடியவில்லை? அறிவு போதாமல் இல்லை; பயத்தில் மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிட்டது, மூச்சில்லாமல் தொடங்கியதால் குரல் உயர்ந்தது, என் குரலே எனக்கு அயலாகக் கேட்டதும் மனம் கலைந்தது. அண்ணன் சொல்கிற வரிசை வேறு: எழுந்திரு, நில், மூச்சை முழுதாக வெளியே விடு, தெரிந்த முகம் ஒன்றைத் தேடு, அந்த முகத்தைப் பார்த்து முதல் வாக்கியத்தைச் சொல். "அவை காத்திருக்கும். நீ நினைப்பதைவிட நீண்ட நேரம் காத்திருக்கும்" என்று எழுதினார்.

விளித்தலைப் பற்றி எங்களுக்குள் சிறு சண்டை. எல்லாப் பெயரையும் விட்டுவிடலாம் என்றேன் நான். கூடாது என்றார் அவர். ஆட்சியரையும் ஊர்ப் பெரியவர்களையும் ஒரே மூச்சில் வணங்கிவிட்டு உடனே செய்திக்குள் போ, பெரியவர்கள் மனம் நொந்தால் நீ சொல்வது அவர்கள் காதில் ஏறாது. அவர் சொன்னது சரி. அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர், அதற்கு முந்தைய அதிகாரத்தை அவையறிதலுக்குக் கொடுத்திருக்கிறார் என்பதை இன்றுதான் கவனித்தேன். பயப்படாமல் இருப்பதற்கு முன்னால், எதிரே இருப்பவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அண்ணி இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கருத்துக் கேட்பைப் பற்றிய பகுதியை மறுபடியும் படித்தேன். கூட்டம் முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு இல்லை. முடிவில் மக்கள் சொன்னவற்றைத் தொகுத்து, உள்ளூர் மொழியில் அங்கேயே வாசித்துக் காட்ட வேண்டும். இந்தக் கடைசி விதிதான் என் பேச்சையே மாற்றிவிட்டது. நான் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவரின் தாளில் அது ஒரு வரியாகத்தான் இறங்கும். அந்த வரியை அவர் தன் போக்கில் எழுதிக்கொள்ளாமல், நானே கொடுத்துவிட்டால் என்ன? "மீனவர்கள் எதிர்ப்பு தெரிவித்தனர்" என்று எழுதுவதற்கு அவருக்கு இடம் வைக்கக்கூடாது. "ஆற்றின் முகத்துவாரத்தில் சாம்பல் எத்தனை அடி படிந்திருக்கிறது என்று அளந்து, அந்த அளவை அறிக்கையில் சேர்க்கும் வரை அனுமதி தரக்கூடாது" என்பது எழுத்தில் அப்படியே நிற்கும். கடைசி வாக்கியம் இதுதான். இதை மட்டும் மனப்பாடம் செய்கிறேன்.

அண்ணன் "தரக்கூடாது" என்ற சொல்லின் கீழ் கோடிட்டு, மெதுவாகச் சொல் என்று சைகை காட்டினார்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று சீட்டுகள் வேண்டாம் என்றார். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். நாளைக்கு அவர் வரவேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, வந்து எதிரில் உட்கார்ந்திருப்பதை நினைக்கவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன், இரவு

எனக்கு முன்னால் பேசிய முதியவர், எண்ணெய் படிந்த வலையைப் பற்றி நான் சொல்ல இருந்ததையெல்லாம், என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். என் கையிலிருந்த ஒரே உதாரணம் போய்விட்டது. மூச்சை விட்டேன். அண்ணனைப் பார்த்தேன். "எனக்கு முன்னால் ஐயா சொன்ன அந்த வலைகளில் ஒன்றைக் கழுவியவள் நான்" என்று தொடங்கினேன். அந்த வாக்கியம் எந்தச் சிலேட்டிலும் எழுதப்பட்டதில்லை, அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்ததால் மட்டுமே எனக்குக் கிடைத்தது. ஆறாம் நாளும் தண்ணீரில் மினுமினுப்பு மிதந்ததைச் சொன்னேன், ஏன் அளக்க வேண்டும் என்று சொன்னேன், கடைசி வாக்கியத்தை மெதுவாகச் சொன்னேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. "வந்து" இரண்டு முறை வந்ததாக அண்ணன் விரல்களைக் காட்டினார்.

மாலையில் தொகுப்பை வாசித்தார்கள். "சாம்பல்", "அளந்து", "அனுமதி தரக்கூடாது" மூன்றும் இருந்தன. முகத்துவாரம் விட்டுப்போயிருந்தது; எழுந்து சொன்னேன், சேர்த்துக்கொண்டார்கள். அப்படி எழுந்தபோது நான் எதையும் யோசித்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முடிவைக் காலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லித் தொலைபேசி வந்தது. அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார். மருத்துவரிடம் கேட்க வேண்டியதைச் சிலேட்டில் எழுதித் தரட்டுமா என்றேன், வேண்டாம், நீயே கேள் என்றார்.