மே மாதத்தில் யார் தண்ணீர் ஊற்றுவது?

பள்ளியில் தோட்டம் போடலாம் என்று யாராவது யோசனை கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான். விதை எங்கே கிடைக்கும், எத்தனை சென்ட் இடம் வேண்டும், என்ன கீரை போடலாம் என்பதெல்லாம் அப்புறம். ஏப்ரல் கடைசியில் பள்ளியைப் பூட்டினால் ஜூனில்தான் திறப்போம், நடுவில் கத்திரி வெயில் வரும், அந்த நாட்களில் யார் யார் வந்து தண்ணீர் ஊற்றுவார்கள் என்று பெயர் சொல்ல முடிந்தால் தைரியமாகத் தோட்டம் போடுங்கள்.

நான் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. 2018 ஜனவரியில் ஒரு தனியார் நிறுவனத்தார் வந்து எங்களுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுத்தார்கள். ஒரே நாளில் நாற்பது கன்று, சொட்டுநீர்க் குழாய், பெயர்ப்பலகை எல்லாம் வந்துவிட்டன. சொட்டுநீர் வர வேண்டுமென்றால் மேலே தொட்டி நிறைந்திருக்க வேண்டும், தொட்டி நிறைய ஊராட்சி மோட்டார் ஓட வேண்டும், அந்த மோட்டாரைப் போடுகிறவரிடம் யாருமே பேசியிருக்கவில்லை. நானும் பேசவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது குழாயை எலி கடித்திருந்தது, வேலிக்குள் ஆடு படுத்திருந்தது. தன் கன்றுக்குப் பெயர் வைத்திருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, காய்ந்துபோன அந்தக் குச்சிக்கே ஒரு வாரம் தண்ணீர் ஊற்றினாள். அதைப் பார்த்தபிறகு, இனி இறங்கினால் ஊரோடு சேர்ந்துதான் இறங்குவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

கொரோனா முடிந்து 2021 நவம்பரில் சின்ன வகுப்புகள் திறந்தன. இந்த முறை நான் மண்வெட்டியைத் தொடவில்லை. ஒரு மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா நின்று பார்த்தேன். தட்டின் ஓரத்தில் கேரட் ஒதுங்கும், பீன்ஸ் ஒதுங்கும், கீரை வந்த அன்று பாதிச் சோறே ஒதுங்கும். சத்துணவுச் சமையலர் அக்கா இருபது வருடமாக அதே அடுப்படியில் நிற்கிறார். "டீச்சர், நான் அரிஞ்சு போடுற காயில பாதி வாளிக்குத்தான் போகுது. முட்டை மட்டும் ஒண்ணுகூட மிச்சம் வராது" என்றார். காய் வாங்குவதும் அரிவதும் ஒதுக்குவதைக் கண்ணால் பார்ப்பதும் அவர்தான், ஆனால் பள்ளித் தோட்டம் பற்றி அதுவரை யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். மதிய உணவுத் திட்ட விதிப்படி தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளுக்கு 50 கிராம் காய், ஆறு முதல் எட்டு வரை 75 கிராம். எங்களிடம் அறுபதும் நாற்பதுமாக நூறு பிள்ளைகள், ஆக ஒரு நாளைக்கு 6 கிலோ. எங்கள் நாலு சென்ட் இடத்தில் அது தினமும் விளையாது. தோட்டத்தை வைத்தே சமையலை நடத்திவிடலாம் என்று நான் யாருக்கும் ஆசை காட்டுவதில்லை. பிள்ளைகள் தங்கள் கையால் பறித்த கீரையைத் தட்டில் ஒதுக்குவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் அப்படி ஒரு கீரை கிடைத்தால், மற்ற நாள் கடைக் காயையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அது போதும்.

2022இல் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தபோது, கூட்டத்தில் நான் தோட்டம் என்ற பேச்சையே எடுக்கவில்லை, வாளிக்குப் போகும் காயைப் பற்றித்தான் பேசினேன். கிராம சுகாதாரச் செவிலியரும் வந்திருந்தார். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று சொல்லிவிட்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டு, கீழ் இமையை விலக்கி, உள்ளே வெளுத்திருப்பதை அம்மாக்களுக்குக் காட்டினார். அதற்குப் பிறகு கூட்டம் தானாகவே நகர்ந்தது. முருங்கை வைக்கலாம் என்று ஒருவர், கிளுவை மரத்தின் போத்தை, அதாவது வெட்டிய கிளைகளை, நட்டு உயிர்வேலி போட்டால் ஆடு வராது என்று இன்னொருவர். மோட்டார் போடுகிறவர், காலையில் கால் மணி நேரம் கூடுதலாகத் திருப்பிவிடுகிறேன் என்று அவராகவே சொன்னார். குழிகளைப் பக்கத்துக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் தங்கள் ஏழு நாள் முகாமில் வெட்டிக் கொடுத்தார்கள். கீரை, கத்தரி, வெண்டை விதைகள் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கிடைத்தன. தட்டுக் கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்குத் திருப்பியது சமையலர் அக்காவின் யோசனை.

இழுபறியானது சாவி விஷயத்தில்தான். விடுமுறையில் ஊர்க்காரர்கள் உள்ளே வர வேண்டுமென்றால் பள்ளிச் சாவியை யாரிடமாவது கொடுக்க வேண்டும். ஏதாவது காணாமல் போனால் பதில் சொல்வது தலைமையாசிரியர், அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது. இரண்டு கூட்டம் இதிலேயே போனது. கடைசியில் தோட்டத்துப் பக்கம் வேலியில் தனியாக ஒரு சின்னப் படல் வைத்தோம். வகுப்பறை, அலுவலகம் எதையும் தொடாமல் தோட்டத்துக்குள் மட்டும் வந்துபோகலாம். ஊரோடு சேர்ந்து வேலை செய்வது என்று பெரிதாகப் பேசுகிறோம், எங்கள் பள்ளியில் அது அந்தப் படலில்தான் ஆரம்பித்தது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

முருங்கையில் பெரியகுளம் பி.கே.எம்.-1 ரகம் வைத்தோம். விதைத்த ஆறேழு மாதத்தில் காய்க்கத் தொடங்கிவிடும், இலையும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஐப்பசி மழைக்குப் பின் மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. இரண்டு பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, பெற்றோர் கோபமாக வந்தார்கள், வெட்டிவிடலாம் என்ற நிலைக்கு நாங்களும் வந்துவிட்டோம். பக்கத்துத் தெருவில் விவசாயம் பார்த்த பெரியவர் ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். "டீச்சரம்மா, வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருக்கக் கூடாதா?" என்றார். அடிமரத்தில் கூட்டமாக அடைந்திருந்த பூச்சிகளைப் பிள்ளைகள் வருமுன் பந்தம் பிடித்துப் பொசுக்கினார். காய்ப்பு முடிந்ததும் மரத்தை இடுப்பளவுக்கு வெட்டிக் கவாத்துச் செய்ய வேண்டும், மரத்தை வீட்டு உயரத்துக்கு வளரவிட்டதால்தான் பூச்சி இருப்பதே தெரியாமல் போனது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து வாரம் ஒரு தடவை அவர் கால் படாமல் தோட்டம் இருந்ததில்லை.

சாப்பாட்டிலும் சின்னச் சின்ன மாற்றங்கள். முருங்கைக்கீரை போடும் நாளில் எலுமிச்சை பிழிந்த சாதமோ நெல்லிக்காய்த் துண்டோ சேர்கிறது, ஏனென்றால் கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட வைட்டமின் சி வேண்டும். அந்தப் பாடத்தை ஏழாம் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிய வருடங்களில் யாருக்கும் நினைவில் நின்றதில்லை, இப்போது பிள்ளைகளே அடுப்படியில் போய் "அக்கா, எலுமிச்சை எங்கே?" என்று கேட்கிறார்கள். 2023 ஆகஸ்டில் முதலமைச்சர் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. அதைச் சமைக்கும் மகளிர் குழுப் பெண்கள் விடிவதற்குள் வந்துவிடுவார்கள், உப்புமா, பொங்கலுக்கு ஊற்றும் சாம்பாருக்கு வேண்டியதைத் தோட்டத்தில் பறித்துக்கொண்டு, போகிறபோக்கில் நாலு குடம் தண்ணீரும் ஊற்றிவிடுவார்கள்.

வாசல் பெட்டிக்கடை அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து ரூபாய் பாக்கெட் நொறுக்குத் தீனி அங்கேதான் விற்கும். கடையை எடுக்கச் சொல்ல வேண்டும் என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை, அவர் வீட்டில் அடுப்பெரிவது அந்தக் கடையால்தான். நானும் சமையலர் அக்காவும் போய்ப் பேசினோம். அவித்த கடலை, கொய்யா, பனங்கிழங்கு என்று அந்தந்தக் காலத்தில் கிடைப்பதை அவரும் வைத்துப் பார்த்தார். பாக்கெட் இன்னும் தொங்குகிறதுதான், ஆனால் இடைவேளையில் கடலைதான் முதலில் தீர்கிறது. படல் சாவியும் இப்போது அவர் கடையில்தான் மாட்டியிருக்கிறது.

போன மே மாதம் எட்டுக் குடும்பங்கள், மகளிர் குழு, பெரியவர் என்று முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். கத்தரியில் இரண்டு செடி போய்விட்டது, மற்றதெல்லாம் பிழைத்தது. விடுமுறையில் பறித்ததை முறைக்காரர்களே வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தோம், அதனால் கீரை வீணாகவும் இல்லை, முற்றவும் இல்லை. பள்ளி திறந்த அன்று சமையலர் அக்கா முந்தானையில் முடிந்து தண்டங்கீரை விதை கொண்டுவந்தார், ஒரு செடியை மட்டும் பறிக்காமல் விதைக்கென்று விட்டு வைத்திருக்கிறார். ஆடிப் பட்டத்துக்கு இன்னும் நாள் இருந்தது, ஆனாலும் பிள்ளைகள் விடவில்லை, ஒரு பாத்தியில் மட்டும் அன்றைக்கே தூவினோம்.