நன்றாகக் கேட்கும் மருந்தை நிறுத்தச் சொல்வது

க்ளோபெட்டசால் ஃபோம் என்ற நுரை மருந்தை, டாக்டரின் புதிய சீட்டு இல்லாமல் இரண்டாம் முறை மருந்துக் கடையில் நான் கொடுப்பதில்லை. அதில் எனக்குக் குழப்பம் இல்லை. தோலில் போடும் ஸ்டீராய்டுகளிலேயே வீரியம் மிகுந்த வகை அது. தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, முகம், அக்குள், தொடை இடுக்கில் போடக் கூடாது என்று மருந்தோடு எழுதியே வருகிறது. என்னை உறுத்துவது, ஒரு அம்மாவிடம் அதை நான் சொன்ன விதம்.

அவருக்குத் தலையிலும் முழங்கைகளிலும் சொரியாசிஸ், தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் நோய். முதல் கேனைக் கொடுக்கும்போது, நேராகக் கையில் அடிக்காதீர்கள், உடம்புச் சூட்டில் நுரை கரைந்துவிடும், மூடியில் எடுத்து, முடியை வகிர்ந்து, தோலில் படும்படி தேயுங்கள் என்றெல்லாம் சொல்லியிருந்தேன். எளிதில் தீப்பற்றும், அடுப்புப் பக்கம் வேண்டாம் என்றும் சொன்னேன். அப்படியே செய்திருக்கிறார். திரும்பி வந்தபோது முழங்கையில் செதிலும் இல்லை, தடிப்பும் இல்லை. நிறம் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது. முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இன்னொரு கேன் கேட்டார்.

“டாக்டரைப் பார்த்துவிட்டு வாங்கம்மா. நிறுத்த வேண்டிய நேரம் இது.”

“கேட்காத மருந்தை நிறுத்தச் சொன்னால் புரியும். நன்றாகக் கேட்கிறதே, ஏன் நிறுத்த வேண்டும்?”

“தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துவிடும்மா.”

கையை நீட்டிக் காட்டினார். “இத்தனை வருஷம் என் தோல் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?”

நான் சொன்னது உண்மைதான். சாதாரணமாகத் தோலின் செல்கள் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் சில நாட்களிலேயே வந்து குவிகின்றன. அந்த வேகத்தையும் அழற்சியையும் ஸ்டீராய்டு அடக்குகிறது. தடிப்பு இறங்கிய பிறகும் போட்டுக்கொண்டே இருந்தால், அதே வேலையை நல்ல தோலிலும் செய்யும்: தோல் மெலியும், கோடுகள் விழும், ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். அதிகம் போட்டால் உடம்புக்குள் சேர்ந்து, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பியின் வேலையையே மந்தமாக்கலாம். அதாவது, நன்றாகக் கேட்டுவிட்டது என்பதே நிறுத்துவதற்கான காரணம். இவ்வளவையும் அங்கே நின்று சொல்லியிருக்க முடியுமா? பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். சொல்லியிருந்தாலும் அவர் கேட்டது இதைத்தானா?

அவர் பயந்தது, நிறுத்தினால் திரும்ப வருமே என்றுதான். அந்தப் பயமும் நியாயமானது, வருவதுண்டு. அதற்கும் வழிகள் இருக்கின்றன. தடிப்பு அடங்கிய பிறகு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போட்டுப் பராமரிக்கச் சொல்கிற டாக்டர்கள் உண்டு. கால்சிபோட்ரியால் போல ஸ்டீராய்டு இல்லாத மருந்துக்கு மாற்றுவதும் உண்டு. டாக்டரிடம் இதைக் கேளுங்கள் என்றும் சொன்னேன். ஆனால் ஒருமுறை இல்லை என்று சொன்ன பிறகு வரும் யோசனை, ஆளை அனுப்பிவைப்பதற்காகச் சொல்வதுபோலத்தான் காதில் விழும்.

இப்போதெல்லாம் முதல் கேனைக் கொடுக்கும்போதே, “தடிப்பு இறங்கிவிட்டால் நிறுத்திவிட்டு, அடுத்து என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள்” என்கிறேன். சிலர் உடனே, “அப்போ இது குணமாகாதா?” என்கிறார்கள். கட்டுப்படுத்தலாம், ஒரேயடியாகப் போய்விடும் என்று சொல்ல முடியாது என்கிறேன். மருந்தை இன்னும் திறந்துகூடப் பார்க்காதவரிடம் இதைச் சொல்வது சரிதானா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை.