மூன்று நாள் சம்பளம்

"சார், அண்ணா பேருக்கு முழு மாசமும் போகுது. மூணு நாள் கழிக்கணுமே?"

பையன் கேட்டது சரியான கேள்வி. சம்பளப் பிரிவில் இருக்கிற யாரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "அவரே போட்ட கணக்கு. அப்படியே போகட்டும்" என்று சொல்லிவிட்டு, போனில் வந்த ஓடிபியைத் தட்டினேன். கோப்பு போய்விட்டது. அதன்பிறகு அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மனதுக்குள் மட்டும் அந்த ஒரு வரியை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சம்பளக் கோப்பை வங்கியின் தளத்தில் ஏற்றுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. பல வருடமாக எங்களிடம் ஏற்றுபவர் பையன் சொன்ன அந்த அண்ணா, ஒப்புதல் தருபவன் நான். முந்தின நாள் மாலை கோப்பை ஏற்றிவிட்டு, "பாத்து அனுப்பிடுங்க சார்" என்று வீட்டுக்குக் கிளம்பியவர், விடிவதற்குள் போய்விட்டார். தூக்கத்திலேயே. மாதம் முடிய மூன்று நாள் பாக்கி.

வேலை முடிந்த மறுநிமிடம் வீட்டுக்குப் போகிற மனுஷன் அவர். மாதக் கடைசியிலும் அப்படித்தான். அதற்காகவே காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் மகன் போனில் கூப்பிட்டு வாய்ப்பாடு ஒப்பிப்பான். இவர் ஒரு காதில் அதைக் கேட்டுக்கொண்டே, கம்ப்யூட்டர் போட்ட கூட்டுத்தொகையை மேஜைக் கால்குலேட்டரில் இன்னொரு தடவை போடுவார், பேனாவின் பின்பக்கத்தால் டொக் டொக்கென்று. எதற்கு இது என்றால், "மெஷின் மேல சந்தேகம் இல்ல சார். ஏத்தின ஆள் மேலதான்" என்பார். பட்டியலில் எண்களாக இருக்கிறவர்களின் வீட்டு நிலவரமெல்லாம் அவருக்குத் தெரியும். யாருக்கு அப்பா ஆஸ்பத்திரியில், யாருக்குக் கடன் தவணை நெருக்குகிறது என்று பார்த்து, முன்பண விண்ணப்பங்களை அந்த வரிசையில்தான் என் மேஜையில் வைப்பார்.

அவர் போன பிறகு அலுவலகத்தில் முதலுதவி வகுப்பு நடத்தினார்கள். மாரடைப்பு என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். வகுப்பெடுத்தவர் பிரித்துச் சொன்னார்: இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது மாரடைப்பு, தாளம் தப்பி இதயம் சட்டென்று நின்றுபோவது வேறு. முதலாவது இரண்டாவதில் முடியலாம். நின்றுவிட்டால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். ஒன்றும் செய்யாமல் விட்டால், பிழைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு நிமிடமும் 7 முதல் 10 சதவீதம் குறையும். பொம்மையின் நெஞ்சை அழுத்தும்போது எனக்கு ஓடிய ஒரே நினைப்பு, இந்தக் கணக்கை யாரும் அவர் மனைவியிடம் போய்ச் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான். பக்கத்தில் படுத்திருந்தது அந்த அம்மா.

சரி, மூன்று நாளுக்கு வருகிறேன்.

பணியிலிருந்த கடைசி நாளோடு சம்பளம் நிற்கும். இறப்பு என்றாலும் எங்களிடம் அதே விதிதான். என் பக்கம் சொல்ல நியாயம் இருக்கிறது. கோப்பைத் திருப்பினால் மறுபடி ஏற்ற ஆள் வேண்டும். ஏற்றும் உரிமை அவர் பெயரில் மட்டும்தான் இருந்தது. புது ஆளுக்கு அதை வங்கியில் வாங்குவதற்குள் அடுத்த மாதம் பிறந்துவிடும். ஒருவருடைய மூன்று நாளுக்காக எல்லார் வீட்டிலும் சம்பளம் தள்ளிப்போவதா? கேட்டவர்களிடம் இதைத்தான் சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள். பையன் மட்டும் தலையாட்டவில்லை. ஒரு வரியை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மற்றதை அனுப்புகிற வசதி அந்தத் தளத்தில் உண்டு. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆக, கோப்பு காரணம் இல்லை. அவர் பெயருக்கு நேராக 'நிறுத்து' என்று அழுத்தக் கை வரவில்லை, அவ்வளவுதான். அதை இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். சில நாள் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பணம் யாருக்கும் உதவவில்லை. கணக்கு அவர் ஒருவர் பெயரில் இருந்தது. இறந்த தகவல் போனதும் வங்கி அதை முடக்கிவிட்டது. இறப்புச் சான்றிதழ், வாரிசுதாரர் படிவம் எல்லாம் போய்ச் சேரும்வரை ஒரு பைசா எடுக்க முடியாது. கூட்டுக் கணக்காக இருந்திருந்தால் கதை வேறு. உடனடிச் செலவுக்கு உதவியது கூட வேலை பார்த்தவர்கள் சேர்த்துக் கையில் கொடுத்த தொகைதான்.

படிவங்களில் கையெழுத்துப் போட வந்தபோது அவர் மனைவி சொன்னார்: "சம்பளம் வந்த மெசேஜை எங்க சின்னவன்தான் முதல்ல பாத்தான். அப்பாவுக்குச் சம்பளம் வந்துடுச்சுன்னு கத்திக்கிட்டே உள்ள ஓடி வந்தான். வீடு முழுக்க ஆளுங்க." சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தில் எங்கே கையெழுத்து என்று கேட்டார். நன்றியா, குறையா, சும்மா ஒரு தகவலா? முகத்தில் எதுவும் தெரியவில்லை. போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.

அப்புறம் இறுதிக் கணக்கு. மீதி விடுப்பு, பிடித்தம் எல்லாம் போட்டால் கொடுக்க வேண்டிய தொகை தானாக வந்து விழுகிற எக்செல் தாள் ஒன்று எங்களிடம் உண்டு. அதைச் செய்து வைத்தவரும் அவர்தான். வெளியேறிய காரணம் என்ற இடத்தில் ராஜினாமா, ஓய்வு, மரணம் என்று அவர் வைத்திருந்த பட்டியலிலிருந்து பையன் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தான். தேதியைப் போட்டதும், 'கூடுதலாகக் கொடுத்தது' என்ற கட்டத்தில் மூன்று நாள் சம்பளம் சிவப்பில் மைனஸாக வந்து நின்றது.

"விட்டுடலாமா சார்?" என்றான். அன்றைக்குக் கழிக்கச் சொன்ன அதே பையன். தணிக்கையில் எழும், விளக்கம் எழுத வேண்டிவரும், சூத்திரத்தைத் தொட்டால் அடுத்தடுத்த கணக்கும் கெடும். "தாள் சொல்றபடியே போகட்டும்" என்றேன். முன்பு அவர் போட்ட கணக்கு என்று விட்டேன், இப்போது அவர் செய்த தாள் என்று கழித்தேன். இரண்டு தடவையும் சாக்கு அவர்தான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

என் இடத்தில் அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசிப்பதுண்டு. கழித்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. கழித்துவிட்டு, அந்த மூன்று நாள் பணத்தைத் தன் கையிலிருந்து ஒரு உறையில் போட்டு... இல்லை, இது நான் அவருக்குச் செய்கிற அலங்காரம். நல்லவர் போய்விட்டால், நாம் செய்யாததையெல்லாம் அவர் செய்திருப்பார் என்று அவர் பெயரில் எழுதி வைத்துவிடுகிறோம். நேரத்துக்கு வீட்டுக்குப் போயிருப்பார்; அது மட்டும் நிச்சயம்.

இப்போது ஏற்றுவது பையன். சமீபத்தில் இன்னொரு கிளையில் ஒருவர் இறந்தார். நான் பார்த்தே இராதவர். "சார், இவர் வரியை விட்டுடவா, நிறுத்தவா?" என்று கேட்டான். நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன்: முடக்கப்பட்ட கணக்கில் போய்க் கிடப்பதைவிட, இறுதிக் கணக்கோடு நேராகக் குடும்பத்துக்குப் போவது நல்லது. பதிலில் தப்பில்லை. அந்த ஆளுடையது தனிக் கணக்கா, கூட்டுக் கணக்கா என்று மட்டும் நான் பார்க்கவில்லை.