லிஃப்ட் பொத்தானும் முழங்கையும்

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் பாருவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் போனதும் முதலில் கார்டைத் தட்ட வேண்டும். அப்புறம்தான் மாடி எண்ணை அழுத்த முடியும். என் மகளுக்குப் பத்து மாதத்திலேயே இது தெரிந்துவிட்டது. கார்டு என்றால் எது என்பதில் மட்டும் அவளுக்குப் பிடிவாதம் கிடையாது. கையில் கிரீம் கிராக்கர் பிஸ்கட் இருந்தால் அதைத் தட்டுவாள், சீப்பு இருந்தால் சீப்பை. தோசை விள்ளலையும் தட்டிப் பார்த்திருக்கிறாள். தட்டையான ஏதோ ஒன்று சுவரில் பட்டால் உலகம் திறந்துகொள்ளும் என்பது அவள் கணக்கு.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் கணவருக்கு வேலை கிடைத்து நாங்கள் கும்பகோணத்திலிருந்து பினாங்கு வந்தபோது பாப்பா குப்புற விழக்கூட ஆரம்பிக்கவில்லை. 1972இல் தொடங்கிய அந்த வட்டாரத்தில் சிப் சோதிக்கும் ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஊர்க்காரர்களும் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். எங்களுக்கு இங்கே எல்லாம் புதிது. அவளுக்குப் புதிது பழையது என்ற பேச்சே இல்லை. எந்தப் பொருளானாலும், பக்கத்தில் இருப்பவர் அதை என்ன செய்கிறாரோ அதுதான் அதன் வேலை. நானும் இங்கே அப்படித்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். என்னைவிட அவள் வேகமாக இருக்கிறாள், அவ்வளவுதான்.

சுவிட்ச் என்றால் காற்றாடி என்பதுதான் அவளுடைய முதல் பாடம். ஹாலில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் விரலால் போட வைத்தேன். போட்டதும் அண்ணாந்து பார்ப்பாள், சுற்றும், சிரிப்பாள். குளியலறைக்கு வெளியே வாட்டர் ஹீட்டர் சுவிட்ச் இருக்கிறது, போட்டால் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரியும். அதைப் போட்டுவிட்டும் அண்ணாந்து பார்த்தாள். மேலே ஒன்றுமில்லை. மறுபடி அணைத்துப் போட்டாள். ஏதோ பழுது என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தில் நிஜமாகவே கோபம் இருந்தது.

பிளாஸ்டிக் பை கதை வேறு. இங்கே கடையில் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் டீ, கட்டிக் கொடுக்கச் சொன்னால் சின்ன பிளாஸ்டிக் பையில் சூடாக ஊற்றி, வாயை நாடாவால் இறுக்கி, உறிஞ்சுகுழாய் செருகித் தருவார்கள். அதை விரலில் மாட்டிக்கொண்டு நடந்தபடி குடிக்கலாம். பையில் டீயா என்று முதலில் எனக்கு ஒரு மாதிரி இருந்தது, இப்போது நானும் விரலில் மாட்டிக்கொண்டுதான் சந்தைக்குள் நடக்கிறேன். பாப்பாவுக்குப் பை என்றாலே குடிக்கிற பண்டம். கொத்தமல்லிக் கட்டு வந்த பையையும் விரலில் தொங்கவிட்டு, குழாய் எங்கே என்று தேடுவாள், இல்லாவிட்டால் மூலையை வாயில் வைப்பாள். வீட்டுக்குள் பை நுழைந்தவுடன் முடிச்சுப் போட்டு அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுவது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்.

கரண்டி விஷயத்தை ஆய்வாளர்களே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். 1999இல் மெக்கார்ட்டியும் அவருடன் இருந்தவர்களும் குழந்தைகளின் முன் உணவோடு கரண்டியை வைத்தார்கள். காம்பு ஒருமுறை இடப்பக்கம் இருக்கும், ஒருமுறை வலப்பக்கம். ஒன்பது மாதக் குழந்தை எப்படி வைத்தாலும் பழக்கப்பட்ட கையாலேயே எடுத்தது. சில நேரம் காம்புதான் வாய்க்குப் போயிற்று. பதினாலு மாதத்தில் எடுத்த பிறகு வழியில் திருத்திக்கொண்டது. பத்தொன்பது மாதத்தில் எந்தக் கை சரி என்று எடுக்கும் முன்பே தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் ஒரு சிக்கல் கூடுதல்: நாங்கள் கையால் சாப்பிடுகிறோம். எதிர்வீட்டு ஆ மா, நான் கணினி வேலையில் இருக்கும் நேரத்தில் அவளைப் பார்த்துக்கொள்கிற சீனப் பாட்டி, குட்டையும் குழிவுமான சூப் கரண்டியால் கஞ்சி ஊட்டுகிறார். அந்தக் கரண்டியைப் பாப்பா ஆ மாவைப் போலவே, காம்பின் பள்ளத்தில் ஆள்காட்டி விரலை வைத்துப் பிடிக்கிறாள். அதே கரண்டியைப் பருப்பு சாதத்தோடு நான் கொடுத்தால் தரையில் எறிகிறாள். கஞ்சிக்குக் கரண்டி, பருப்பு சாதத்துக்குக் கை. இப்படி யாரும் சொல்லித் தரவில்லை.

2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் முப்பது நாள் வரை மலேசியாவில் தங்கலாம் என்று ஆனதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அம்மா. ஊரிலிருந்து எவர்சில்வர் டம்ளரும் கையுமாக வந்து இறங்கினாள். அம்மா எச்சில் படாமல் அண்ணாந்துதான் தண்ணீர் குடிப்பாள். பார்த்துக்கொண்டே இருந்த பாப்பா, உறிஞ்சு மூடி போட்ட தன் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கி, வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. விழாததில் அவளுக்கு வருத்தமும் இல்லை, செய்கை சரியாக இருந்ததே!

அம்மா தினமும் சாயங்காலம் கற்பூரம் காட்டுவாள். பாப்பா இரண்டு கையையும் நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கற்றாள். அடுத்த நாளே குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே எரிந்த விளக்குக்கும் ஒற்றிக்கொண்டாள். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "பாலும் தயிரும் இருக்கற எடந்தானேடி, கும்புட்டுட்டுப் போகட்டும்" என்றாள்.

இப்போது முழங்கை. கொரோனா காலத்தில் இங்கே பலருக்கும் தொற்றிக்கொண்ட பழக்கம், லிஃப்ட் பொத்தானை விரலால் தொடாமல் முழங்கையால் அழுத்துவது. ஆ மா இன்னும் விடவில்லை, இரண்டு கையும் காலியாக இருந்தாலும் முழங்கைதான். பாப்பா அவர் இடுப்பில் இருக்கும்போது முழங்கையை வளைத்துக் குத்துகிறாள். நானும் சந்தையிலிருந்து இரண்டு கையிலும் பையோடு வரும் நாளில் முழங்கையால்தான் அழுத்துகிறேன். ஆனால் என்னோடு வரும்போது, தள்ளுவண்டியில் இருந்து இறக்கிவிட்டால், உள்ளங்கையால் பொத்தானை அறைகிறாள்.

இதைப் போல ஒரு ஆய்வைப் படித்த நினைவு வந்து தேடினேன். விளக்குப் பெட்டியை நெற்றியால் தொட்டு எரிய வைப்பவரைப் பார்த்தால், பதினாலு மாதக் குழந்தைகள் ஒரு வாரம் கழித்தும் அப்படியே செய்வார்கள் என்று 1988இல் உளவியலாளர் மெல்ட்சாஃப் காட்டினார். 2002இல் கெர்கெலியும் உடன் ஆய்வாளர்களும் அதில் ஒரு மாற்றம் செய்தார்கள்: செய்து காட்டுபவரின் கைகள் காலியாக இருந்தபோது 69 சதவீதக் குழந்தைகள் நெற்றியால் தொட்டார்கள். குளிருகிறது என்று போர்வையைக் கையால் இழுத்துப் பிடித்திருந்தபோது 21 சதவீதமே. கை வேலையாக இருந்ததால்தான் அவர் தலையால் தொட்டார், நமக்குத்தான் கை இருக்கிறதே என்று குழந்தை யோசிக்கிறது என்பது அவர்கள் விளக்கம். அவ்வளவு யோசிப்பதில்லை, கையை மேசையில் ஊன்றிக் குனிவதைப் பார்த்தால்தான் குழந்தையால் அதைப் பின்பற்ற முடிகிறது என்று பின்னால் மறுத்தவர்களும் உண்டு. பெற்ற வயிறு முதல் கட்சியில்தான் சேரும். என் கையில் பை கனப்பது அவளுக்குத் தெரியும் என்றே நான் வைத்துக்கொள்கிறேன்.

சுவர் பிளக்குகள்தான் இன்னும் தீராத சண்டை. இங்கே தட்டையான மூன்று முனை பிளக்; மேலே உள்ள நீள முனை நுழைந்தால்தான் கீழே இருக்கும் இரண்டு துளைகளின் தடுப்பு விலகும். கணவர் பிளாஸ்டிக் மூடிகள் வாங்கி எல்லாவற்றிலும் செருகினார். அதையே தலைகீழாகச் செருகினால் மேல் முனை தடுப்பைத் திறந்துவிட்டு மின்துளைகளை வெளியே காட்டிவிடும், பிரிட்டனில் சுகாதாரத் துறையே 2016இல் இதை வேண்டாம் என்றது என்றேன். "அவளால கழட்டவே முடியாது, நீ சும்மா இரு" என்றார். போன வாரம் கழற்றினாள். யாரிடம் கற்றாள் என்று அவர் ஆச்சரியப்பட்டார். தினமும் ராத்திரி மடிக்கணினிக்குச் சார்ஜ் போட, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அந்த மூடியை நகத்தால் நெம்பி எடுப்பது அவர்தான். இப்போது சோபாவை அங்கே தள்ளிப் போட்டிருக்கிறோம். மடிக்கணினி சமையலறையில் சார்ஜ் ஆகிறது.