ஐப்பசி மழையில் சரிசெய்ய வேண்டிய இடுக்கு வலி

பொங்கல் கபடிக்குப் பெயர் கொடுக்கும்போதுதான் பலருக்கும் பழைய தொடை இடுக்கு வலி ஞாபகம் வரும். போனஸ் கோட்டுக்குக் காலை எட்டிப்போட்டபோது சுருக்கென்று பிடித்திருக்கும். இரண்டு மாதம் ஆடாமல் இருந்ததில் அடங்கியிருக்கும். முதல் நாள் பயிற்சியிலேயே மறுபடியும் அதே இடத்தில் பிடிக்கும். ஓய்வு வலியைத்தான் அடக்கும், இழுப்பைத் தாங்கும் வலுவைத் தசைநாருக்குத் தராது. சும்மா இருந்த காலத்தில் உள்தொடைத் தசை இன்னும் மெலிந்துதான் போயிருக்கும்.

ஐப்பசி ஒன்றிலிருந்து தை ஒன்றுக்கு ஏறக்குறைய 90 நாள். இந்த வலி சரியாகவும் 8 முதல் 12 வாரம் பிடிக்கும். களம் சேறாகிக் கிடக்கும் அடைமழைக் காலத்தில், திண்ணையிலேயே முக்கால்வாசி வேலையை முடித்துவிடலாம்.

முதலில் வலி எங்கே என்று ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள். அடிவயிற்றின் கீழே நடுவில் கெட்டியாக ஓர் எலும்பு தட்டுப்படும். அதிலிருந்து உள்தொடைக்கு இறங்கும் நரம்புபோன்ற விறைப்பான தசைநாரில் வலித்தால், அது உள்தொடைத் தசையின் வலி. பெரும்பாலும் இதுதான். தொடைமடிப்புக்கு மேலே, அடிவயிற்று ஓரத்தில் வலித்து, இருமினாலும் தும்மினாலும் படுக்கையிலிருந்து எழுந்தாலும் குத்தினால், ஊரில் 'ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா' என்கிறார்களே, அந்த வகை. பெயரில் ஹெர்னியா இருந்தாலும் இதில் குடல் இறங்குவதில்லை. அடிவயிற்றுச் சுவரின் கீழ்ப்பகுதி தளர்ந்தோ கிழிந்தோ வலிக்கிறது. குழப்பம் தருவதால், 2014இல் தோஹாவில் கூடிய நிபுணர்கள் இந்தப் பெயரையே தவிர்க்கச் சொன்னார்கள். விரலால் காட்ட முடியாமல் இடுப்பைக் கையால் வளைத்துப் பிடித்து "உள்ளே வலிக்குது" என்றால், குந்தி உட்காரும்போது மாட்டிக்கொள்வதுபோல் இருந்தால், இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டும். இரண்டு வகை சேர்ந்தே இருப்பதும் சகஜம்.

வேறு சிலவும் இந்த வலிபோலவே வரும். நின்றால் புடைத்து, படுத்தால் உள்ளே போகும் கட்டி நிஜமான குடலிறக்கம். அதைப் பயிற்சி மூடாது, அறுவை சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள். அந்தக் கட்டி உள்ளே போகாமல் இறுகி, வாந்தியும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. விரையில் திடீரென்று கடும் வலி வந்தால் விரை முறுக்கியிருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். கூச்சப்பட்டு விடியட்டும் என்று காத்திருந்து விரையை இழக்கும் பையன்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து இதை வீட்டில் சொல்லிவையுங்கள். வளரும் வயதுப் பிள்ளை இடுக்கிலோ முட்டியிலோ வலி என்று நொண்டினால் இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், தொடையெலும்பின் பந்துபோன்ற தலை நழுவியிருக்கலாம். வெறுங்காலில் ஆடிக் காலில் வெட்டுப்பட்டு, இடுக்கில் உருண்டையாக நெறிகட்டிக் காய்ச்சல் வந்தால் அது தசைவலியே இல்லை. பெண்களுக்கு மடிப்புக்குக் கீழே சின்னதாக வரும் குடலிறக்கம் கண்ணுக்குத் தப்பிவிடும், ஆனால் சீக்கிரம் இறுகிக்கொள்ளும்.

நீவி விடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடிபட்ட முதல் சில நாட்களில் எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடும். நாள்பட்ட பிறகு நீவினால் அரைநாள் சுகம், அவ்வளவுதான். 1999இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வில், நாள்பட்ட உள்தொடை வலி இருந்த 68 ஆட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மசாஜ், லேசர், மின்சிகிச்சை, நீட்டல். மறுபாதிக்கு வலுவேற்றும் பயிற்சி. பயிற்சியை முடித்த 29 பேரில் 23 பேர் வலியில்லாமல் பழையபடி ஆடினார்கள். மற்ற பக்கத்தில் 30 பேரில் 4 பேர்.

தொடங்குமுன் ஓர் அளவுகோல் வேண்டும். மல்லாந்து கால்களை நேராக நீட்டுங்கள். ஒருவர் தன் முன்கையை உங்கள் இரு கணுக்கால்களுக்கு நடுவில் குறுக்காக வைக்கட்டும். 5 விநாடி முழுப் பலத்தோடு அழுத்துங்கள். வலிக்கு 10க்கு எத்தனை மதிப்பெண்? 0 முதல் 2 வரை என்றால் பச்சை, 3 முதல் 5 வரை மஞ்சள், 6உம் அதற்கு மேலும் சிவப்பு. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். எந்தக் கட்டத்துக்கு எப்போது போவது என்பதை நாட்காட்டியைவிட இந்த நோட்டு சரியாகச் சொல்லும்.

முதல் இரண்டு வாரம்: மல்லாந்து முட்டியை மடக்கி, காற்றுக் கொஞ்சம் இறங்கிய கால்பந்தை முட்டிகளுக்கு நடுவில் வைத்து 30 விநாடி அழுத்தம், 10 தடவை. பிறகு கால்களை நீட்டி, கணுக்கால்களுக்கு நடுவில் அதே கணக்கு. மூச்சை அடக்க வேண்டாம். செய்யும்போது 3 வரை வலிக்கலாம். மறுநாள் காலையில் கூடியிருந்தால் அழுத்தத்தைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம். பலரும் தவறுவது இங்கேதான். வலித்ததும் விட்டுவிடுகிறார்கள், பத்து நாள் கழித்து ஒன்றிலிருந்து தொடங்குகிறார்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள். பழைய சைக்கிள் ட்யூபைத் திண்ணைத் தூணில் கட்டி, மறுமுனையைக் கணுக்காலில் மாட்டி, நின்றபடி காலை உள்நோக்கி இழுங்கள். 3 விநாடி இழுப்பு, 3 விநாடி மெதுவான விடுப்பு. ஒரு காலுக்கு 10 வீதம் 3 சுற்று. வழவழப்பான தரையில் ஒரு பாதத்தின் கீழ் துணியை வைத்துப் பக்கவாட்டில் சறுக்கவிட்டுத் திரும்ப இழுப்பதும் நல்லது. வயிற்றையும் விடக்கூடாது: முழங்கை ஊன்றி உடம்பைப் பலகைபோல் நிறுத்துவது, 30 விநாடி வீதம் 3 தடவை. அடிவயிற்று ஓர வலிக்காரர்களுக்கு இதுதான் பிரதானம்.

அளவுகோல் பச்சைக்கு வந்ததும் கடினமான பயிற்சி. ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்றி, மேல்காலின் முட்டியைத் தாழ்வான பெஞ்சில் வைத்து, இடுப்பைத் தூக்கிக் கீழ்க்காலை மேல்காலோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 5 தடவையில் தொடங்கி 15 வரை ஏற்றிய பிறகே, முட்டிக்குப் பதில் கணுக்காலைப் பெஞ்சில் வையுங்கள்.

காலை அகட்டி நீட்டி இழுக்கும் பயிற்சி வலி ஆறும்வரை வேண்டவே வேண்டாம். புண்பட்ட தசைநாரை அது எலும்போடு வைத்து நசுக்கும்.

ஓட்டத்தை எப்போது தொடங்கலாம்? 30 நிமிட வேக நடை வலிக்காதபோது. முதலில் நேராக, கெட்டித் தரையில். ஆற்று மணலில் ஓடினால் நல்லது என்ற நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது. கால் புதைந்து விலகுவதால் உள்தொடைக்கு அதுதான் அதிக வேலை, கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நேர் ஓட்டம், வளைவு, சட்டென்று திரும்புவது, பிறகு தனியாகப் போனஸ் எட்டல், அதற்குப் பின்பே எதிரணியோடு பாடிப் போவது. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு வாரம்.

வயல்வேலையும் கணக்கில் வரும். சம்பா வயலில் புதைந்த காலைப் பக்கவாட்டில் பிடுங்குவது, வரப்பை எட்டித் தாண்டுவது, கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பத்தை அகட்டி நின்று தூக்குவது எல்லாம் அதே தசைக்குத்தான் போகின்றன. அப்படி வேலை செய்த நாளில் பயிற்சியை விட்டுவிடலாம்.

ஆட்டத்துக்கு முன் வலி மாத்திரையோ ஊசியோ போட்டு இறங்காதீர்கள். எச்சரிக்கையை அணைத்துவிட்டுத் தசைநாரைக் கிழித்துக்கொள்வதுதான் அது.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் மஞ்சளிலேயே நின்றால் ஸ்கேன் தேவை. இருமச் சொல்லி, முக்கச் சொல்லிப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் குடலிறக்கத்தைக் காட்டும். எலும்பு, தசைநார், மூட்டுக்கு எம்.ஆர்.ஐ. தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். எந்த அசைவில், எத்தனை மதிப்பெண், எத்தனை வாரமாக என்பது அதில் இருந்தால், அறுவை தேவையா என்ற பேச்சை மருத்துவர் அங்கிருந்தே தொடங்க முடியும்.